அவித்த நெல்லும் இரண்டு வார்டுகளும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அம்மா திண்ணையில உக்காந்து ரேஷன் அரிசியை முறத்துல பரப்பி எதையோ பொறுக்கிட்டிருந்தாங்க. கல்லுதான்னு நினைச்சேன். கிட்டப் போய் பார்த்தா, மத்த அரிசியைவிடக் கொஞ்சம் வெளுப்பா, ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கிற மணிகள். "பிளாஸ்டிக் அரிசிடா, போன்ல வந்துச்சு"ன்னாங்க.

அது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோட இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூணையும் பிசைஞ்சு, இயந்திரத்துல அரிசி வடிவமாகவே பிழிஞ்சு எடுத்து, சாதா அரிசியில நூத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல கலக்குறாங்க. 2021 சுதந்திர தினத்தன்னிக்கு பிரதமர் அறிவிச்ச திட்டம். இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க: "அரிசில இல்லாததை எதுக்கு வெளியிலேர்ந்து சேர்க்கணும்? அந்தக் காலத்துல யார் சேர்த்தா?"

உடனே பதில் சொல்ல முடியல. திரும்பி வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினப்போதான், நூறு வருஷத்துக்கு முந்தி ஆசியா முழுக்க மருத்துவர்கள் மண்டையை உடைச்சுக்கிட்ட விஷயமே இந்தக் கேள்விதான்னு புரிஞ்சது. அதுல தமிழ்க் கூலித் தொழிலாளிகளோட சோத்துப் பானைக்கும் ஒரு இடம் இருக்கு.

நோயோட பேர் பெரிபெரி. முதல்ல கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வற்றும், சிலருக்குக் கால் வீங்கும். முத்தினா இதயம் வீங்கி, மூச்சுத் திணறி இறந்துபோவாங்க. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நீராவி அரிசி ஆலைகள் பரவப் பரவ, இந்த நோயும் சிறைகள், படைமுகாம்கள், கப்பல்கள், சுரங்கங்கள்னு பரவியது. அதாவது, ஒரே இடத்துல நிறைய ஆட்களை அடைச்சு வெச்சு ஒரே சாப்பாட்டைப் போடுற இடங்கள். அப்போ கிருமிக் கோட்பாடு புதுசா வந்த காலம். அதனால எல்லாரும் கிருமியைத் தேடினாங்க.

டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மானும் அப்படித்தான் கிருமி தேடிப் போனார். பத்தாவியா ராணுவ மருத்துவமனையில் அவர் வளர்த்த கோழிகளுக்குத் திடீர்னு கால் விளங்காமல் போனது. பிறகு தானாகவே சரியானது. விசாரிச்சா, நடுவுல கொஞ்ச காலம் மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சின வெள்ளைச் சோத்தைக் கோழிகளுக்குப் போட்டிருக்காங்க. புதுசா வந்த சமையல்காரர் ராணுவத்துச் சோறு கோழிக்கெல்லாம் கிடையாதுன்னுட்டார். பழையபடி தீட்டாத அரிசி போட ஆரம்பிச்சதும் கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மானின் நண்பர் ஃபோர்டர்மன் ஜாவாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிக்கு ஒருவருக்கு பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர்.

இவ்வளவு தெரிஞ்ச பிறகும் எய்க்மான் அரிசியின் மாவுப்பகுதியில் ஏதோ நஞ்சு இருக்கு, தவிடு அதுக்கு மாற்று மருந்துன்னுதான் நினைச்சார். சாப்பாட்டுல ஏதோ ஒண்ணு இல்லாததுதான் நோய்க்குக் காரணம்னு 1901இல் சொன்னது அவருக்குப் பின்னால் வந்த கெரிட் கிரைன்ஸ். ஒண்ணு உள்ளே போய் நோய் வரும்னு நம்பலாம். ஒண்ணு போகாததால் நோய் வரும்னு நம்புறது அன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கு.

இப்போ மலாயாவுக்கு வருவோம். 1900களின் தொடக்கத்தில் அங்கே மூணு சமூகங்கள் பக்கத்துப் பக்கத்துல வாழ்ந்தன. சீனர்கள் பெரும்பாலும் வெள்ளீயச் சுரங்கங்களில். தமிழர்கள் தோட்டங்களிலும் சாலை, ரயில் பாதை வேலைகளிலும். மலாய்க்காரர்கள் தங்கள் கிராமங்களில். வெயில், மழை, கொசு எல்லாம் எல்லாருக்கும் பொது. ஆனா பெரிபெரி சுரங்கச் சீனர்களைத்தான் கொத்துக்கொத்தாய்க் கொன்றது. மலாய்க் கிராமங்களில் குறைவு. தமிழர்களிடம் ஏறக்குறைய இல்லை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907இல் பெரிய புத்தகமே போட்டார். அவர் பார்த்தது அரிசியை. சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அன்னன்னைக்கு வேண்டிய அளவு வீட்டிலேயே குத்திக்கிட்டாங்க. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. பிராடனும் காரணத்தைத் தப்பாகத்தான் சொன்னார். வெள்ளை அரிசி பழசாகும்போது அதில் ஒரு நஞ்சு உண்டாகுது, அவிச்சால் அது சாகுதுன்னு. ஆனா கை காட்டின இடம் சரி.

இதைச் சோதிச்சுப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியின் மருத்துவர். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நெருடும்.

1905 டிசம்பரில் விடுதியில் இருந்த எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையா நிக்க வெச்சு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினாங்க. ஒற்றைப்படை எண்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கு. அவங்களுக்குப் பழையபடி பச்சரிசி. இரட்டைப்படை எண்கள் மேற்கு வார்டுக்கு. அவங்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மத்த சாப்பாடெல்லாம் ஒண்ணுதான். நடுவுல ஒரு கட்டத்தில் ரெண்டு கூட்டத்தையும் வார்டு மாத்தினார். கட்டடத்தில் கிருமி இருந்தால் நோய் கட்டடத்தோட நிக்கணும் இல்லையா? நிக்கலை. அரிசி போன இடத்துக்கே போச்சு.

முடிவு: பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு பெரிபெரி, 18 பேர் சாவு. புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் ரெண்டே ரெண்டு பேருக்கு நோய். அந்த ரெண்டு பேரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவங்க. சாவு ஒண்ணுகூட இல்லை.

ஆய்வு முறையாப் பார்த்தா இது அபாரம். ஒண்ணு விட்டு ஒண்ணு பிரிச்சதால், திடமான ஆளை ஒரு பக்கமும் நோஞ்சானை இன்னொரு பக்கமும் தள்ளிவிட வழியில்லை. ஆனா அந்த 18 பேர்? வரிசையில் ஒரு ஆள் தள்ளி நின்னிருந்தா பிழைச்சிருப்பாங்க. அவங்ககிட்ட யாரும் சம்மதம் கேட்கலை. கேட்கணும்னு யாருக்கும் தோணவும் இல்லை. ஃபிளெட்சர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. எந்த அரிசி குற்றவாளின்னு அன்னிக்கு நிச்சயமாத் தெரியாது, பச்சரிசிதான் அங்கே வழக்கமான சாப்பாடு. இருந்தாலும் பைத்தியக்கார விடுதி, சிறை, கூலி முகாம்னு, வேண்டாம்னு சொல்ல முடியாத ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் இந்த அறிவு முழுக்க விளைஞ்சிருக்கு. வைட்டமின் மாத்திரை போடுறப்போ இது நினைவில் இருக்கிறது நல்லது.

அடுத்து வந்தது ஃபிரேசரும் ஸ்டான்டனும். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். நோய் இல்லாத ஒரு காட்டுப் பகுதியில் சாலை போட்டுக்கிட்டிருந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, இன்னொரு பாதிக்குப் புழுங்கல். ஏறக்குறைய மூணு மாசத்தில் வெள்ளை அரிசிப் பக்கம் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாத்திப் போட்டதும் நோய் மறுபக்கம் போனது. அதோட விடாமல், தீட்டும்போது கழியுற தவிட்டைக் கோழிகளுக்குக் கொடுத்தால் கால் சரியாகுதுன்னும் காட்டினாங்க. நஞ்சுக் கதை அங்கே முடிஞ்சுது. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தொடர்ந்து வெள்ளை அரிசி சாப்பிடுவதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டுன்னு தீர்மானம் போட்டது. 1912இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்கிற சொல்லை உருவாக்கினார். 1926இல் ஜான்சனும் டோனாத்தும் ஜாவாவில் அரிசித் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரிச்சாங்க. அதுதான் தயமின், பி1.

சரி, புழுங்கல் எப்படிக் காப்பாத்துச்சு? நெல்லில் தயமின் பெரும்பாலும் இருப்பது தவிட்டிலும் முளைக்கருவிலும். பச்சை நெல்லை ஆலையில் தீட்டினால் ரெண்டும் போயிடும். நெல்லை ஊறவெச்சு அவிக்கும்போது, உமிக்குள்ளேயே தயமின் தண்ணீரில் கரைஞ்சு அரிசியின் உள்பக்கம் நகருது. அப்புறம் காயவெச்சுத் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிடும். சுருக்கமாச் சொன்னா, வெளியிலிருந்து எதையும் வாங்காமல் நெல்லில் இருப்பதையே நெல்லுக்குள் ஏத்துற செறிவூட்டல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை அப்படியே "நம் முன்னோர்களின் விஞ்ஞானம்"னு வாட்ஸ்அப்பில் சுத்த விட்டுடாதீங்க. நெல்லை அவிச்சா குத்தும்போது நொய் குறையும், அரிசி கெட்டிப்படும், பூச்சி கொஞ்சம் குறையும், சோறு குழையாது. அவிக்கிறதுக்கு இந்தக் காரணங்களே போதும். தயமினுக்காக யாரும் அவிக்கலை. மலாயாத் தோட்டத்துல நம்மாளு புழுங்கல் சாப்பிட்டது பழக்கத்தால். அந்தப் பழக்கம் அவரை பெரிபெரியிலிருந்து காப்பாத்தியது. மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாத்தலை. அதில் செத்தவர்கள் ஏராளம்.

தமிழர்னா வராது என்கிற கதையும் இல்லை. அதே சென்னை மாகாணத்தின் வடக்குப் பகுதி, இன்னிக்கு ஆந்திராவின் கடலோர மாவட்டங்கள், பெரிபெரி நிலைத்திருந்த இடம். அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசிதான் புழக்கம். தெற்கே, புழுங்கல் சாப்பிட்ட மாவட்டங்களில் நோய் இல்லை. ஒரே மாகாணம், ஒரே அரசாங்கம். குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடமும், 1935இல் அதன் பொறுப்புக்கு வந்த அய்க்ராய்டும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தாங்க. அரிசியைக் களைஞ்சு தண்ணியைக் கொட்டும்போது தீட்டிய பச்சரிசி மிச்சமிருந்த தயமினிலும் பெரும்பகுதியை இழந்துடும், புழுங்கல் இழப்பது குறைவு. கஞ்சியை வடிச்சுக் கொட்டினா இன்னும் கொஞ்சம் போகும். மாட்டுக்கு வெச்ச கழனித்தண்ணியில் எவ்வளவு போயிருக்கு பாருங்க! பருப்பு, பயறு தாராளமா சாப்பிடுறவங்களுக்கு இது பெரிய நஷ்டமில்லை. சோறே சாப்பாடுங்கிற ஏழைக்குத்தான் அந்தத் தண்ணி உயிர்.

இந்த வரலாற்றில் இன்னொரு பேர்: ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். 1886இல் நெல்லூரில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மணிலாவில் வேலை பார்த்தபோது தவிட்டுச் சாறு பெரிபெரிக் குழந்தைகளைப் பிழைக்க வைப்பதை நேரில் பார்த்தார். அதிலிருந்து கால் நூற்றாண்டு அதன் பின்னாலேயே அலைஞ்சு 1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரிச்சார். 1948இல் பிலிப்பைன்ஸின் பத்தான் பகுதியில், தயமின் ஏத்திய மணிகளை 200க்கு ஒண்ணுங்கிற கணக்கில் அரிசியில் கலந்து கொடுத்துப் பார்த்தாங்க. பெரிபெரிச் சாவு வெகுவாகக் குறைஞ்சது. ஆனாலும் திட்டம் நாடு முழுக்க நிலைக்கலை. ஒரு காரணம் ஆலைக்காரர்கள். எத்தனை மூட்டை சத்து மணி வாங்கினாங்கன்னு பார்த்தா, எத்தனை மூட்டை அரிசி அரைச்சாங்கன்னு வரி அதிகாரிக்குத் தெரிஞ்சுபோகும்!

அம்மா பொறுக்கி எறிஞ்ச மணிக்கு இதுதான் பூர்வீகம். அதுக்காக இன்னிக்கு நடக்கிற திட்டம் கேள்விக்கு அப்பாற்பட்டதுன்னு சொல்ல வரலை. பெரிபெரிக்கு ஒரே ஒரு பொருள் குறைவு, அதைக் கொடுத்ததும் நோய் போச்சு. ரத்தசோகை அப்படி நேர்க்கோட்டில் போகாது. இரும்புக் குறைவாலும் வரும், கொக்கிப்புழுவாலும் வரும், பரம்பரைக் கோளாறாலும் வரும். தலசீமியா இருப்பவர்களுக்குக் கூடுதல் இரும்பு நல்லதில்லை என்கிற கவலையும் நியாயமானதே. எல்லாருக்கும் ஒரே அரிசியைப் போடும்போது, வேண்டாம்னு சொல்ல வழி இருக்காங்கிற கேள்வி ஃபிளெட்சரின் முற்றத்திலிருந்து நம்ம ரேஷன் கடை வரைக்கும் அப்படியேதான் நிக்குது. குறைஞ்சபட்சம், மூட்டையில் என்ன கலந்திருக்கு, எதுக்குன்னு வரிசையில் நிக்கிற ஆளுக்கு வாயால் ஒருத்தர் சொல்லணும். சொல்லாததால்தான் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் கதை பிடிச்சுக்கிச்சு.

போன வாரம் அம்மாகிட்ட போன்ல இதையெல்லாம் சொன்னேன். நெல்லூர், மலாயா, கோழி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. "அப்ப நாங்க அவிச்சதும் சேர்க்கறதுதானா?"ன்னாங்க. ஆமான்னேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. "உங்க பாட்டி விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து அண்டாவுல நெல் அவிப்பா. உமி நெருப்புல கண்ணே போச்சு அவளுக்கு. அதைச் சேர்த்துக்க உன் கட்டுரையில"ன்னாங்க. சேர்த்துட்டேன்.