கையை ஆட்டினால் கேம் ஆகிவிடுமா? - வீ ரிமோட்டும் கேமர்களின் கோபமும்

2005 செப்டம்பர் 16. டோக்கியோ கேம் ஷோ மேடையில் நின்டெண்டோ நிறுவனத் தலைவர் சடோரு இவாடா ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். நீளமாக, மெல்லியதாக, ஒரு கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இது டிவி ரிமோட் ஆயிற்றே!

அடுத்து ஒரு வீடியோ ஓடியது. அதில் ஒரு கேம்கூட இல்லை. டிவியைப் பார்த்து நிற்கிற, உட்கார்ந்திருக்கிற மனிதர்கள் மட்டும்தான். ஒருவர் ரிமோட்டைத் தூண்டில் மாதிரி வீசுகிறார். ஒருவர் அதைக் குச்சியாக்கி டிரம்ஸ் அடிக்கிறார். இன்னொருவர் பல் டாக்டர்! புது கேம் மெஷினை அறிமுகம் செய்யும் வீடியோவில் கேமையே காட்டவில்லை. வேடிக்கையாக இருந்தாலும் காரணத்தோடு செய்ததுதான் அது. இனி பார்க்க வேண்டியது டிவியை அல்ல, டிவிக்கு எதிரே இருப்பவரை என்று நின்டெண்டோ சொல்ல வந்தது.

கேமர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் "அடுத்த ஜெல்டாவில் நிஜமாகவே வாள் வீசலாம்" என்ற கனவு. மறு பக்கம் கேலி, சந்தேகம், கொஞ்சம் பயமும் கூட.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிய வேண்டுமானால் ஒரு பழைய கேமரின் கைகளைப் பார்க்க வேண்டும். 80களில் நின்டெண்டோவில் தொடங்கியவருக்கு இடது கட்டை விரலில் திசை, வலது கட்டை விரலில் இரண்டு பட்டன். 90களின் முடிவில் அது இரண்டு ஸ்டிக், பத்துக்கும் மேற்பட்ட பட்டன்கள் என்று வளர்ந்துவிட்டது. அத்தனையையும் அவர் கீழே பார்க்காமலே அழுத்துவார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவரின் விரல்கள் மாதிரி. பதினைந்து இருபது வருடம் உட்கார்ந்து சேர்த்த வித்தை அது. திடீரென்று ஒருவர் வந்து, "இதெல்லாம் பாட்டிக்குப் புரியவில்லை, அதனால் தூக்கிப் போடுங்கள்" என்றால் கோபம் வராதா?

போதாததற்கு, ஏற்கெனவே சூடு பட்டவர்கள் வேறு. 1989-ல் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி பவர் குளோவ் என்று ஒரு கையுறையை விற்றது. கையில் மாட்டிக்கொண்டால் அல்ட்ராசானிக் ஒலியை வைத்து கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். டிவியைச் சுற்றி ஒரு சட்டம் மாதிரி ரிசீவர்களை மாட்ட வேண்டும். அதே வருடம் வந்த 'தி விசார்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் அதைப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் அடம்பிடித்து வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால்... ஒன்றும் சரியாக நகரவில்லை. கை வலித்ததுதான் மிச்சம். அதற்கென்றே செய்யப்பட்ட கேம்கள் வெறும் இரண்டு.

1993-ல் சேகா தன் பங்குக்கு ஆக்டிவேட்டரைக் கொண்டு வந்தது. தரையில் எண்கோணமாக ஒரு வளையம். அதன் நடுவில் நின்று கை காலை வீச வேண்டும். மேலே போகும் அகச்சிவப்புக் கதிரைக் கை மறைத்தால் ஒரு பட்டன் அழுத்தியதாக அர்த்தம். யோசித்துப் பாருங்கள்: விரல் நுனியில் முடிகிற வேலைக்கு ஒரு முழு உதை! இந்த ஆக்டிவேட்டரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த சண்டைகளுக்கெல்லாம் விதை இதில்தான் இருக்கிறது.

2006 ஏப்ரல் 27-ல் அந்த மெஷினுக்கு 'வீ' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் 'வீ' என்றால் பூ என்று ஒரு பழைய பொருள் உண்டு. ஆங்கிலத்தில் அந்த ஒலிக்குக் குழந்தைகள் ஒன்றுக்குப் போவது என்று பொருள் :) கேலிக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் இரண்டே வாரத்தில் காற்று திசை மாறியது. மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஈ3 கண்காட்சியில், கதவு திறந்ததும் கூட்டம் சோனியின் அரங்கைத் தாண்டி நின்டெண்டோவை நோக்கி ஓடியது. வீயைத் தொட்டுப் பார்க்க மணிக்கணக்கில் வரிசை.

அதே நேரத்தில் சோனியும் அசைவை உணரும் சிக்ஸ்ஆக்சிஸ் கன்ட்ரோலரை அறிவித்தது. "காப்பி அடிக்கிறார்கள்" என்று கேமர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதைவிடக் கோபம், அதிர்வு வசதியை எடுத்துவிட்டதில். அதிர்வும் அசைவு சென்சாரும் ஒத்துப் போகாது என்று சோனி சொன்னது. மறு வருடமே இரண்டும் சேர்ந்த டூயல்ஷாக் 3 ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது! 2007-ல் வந்த 'லேர்' கேமில் டிராகனைத் திருப்பக் கன்ட்ரோலரைச் சாய்த்துத்தான் ஆக வேண்டும். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 2008-ல் ஸ்டிக் மூலம் ஆடும் வசதியை அப்டேட்டாகக் கொடுத்தார்கள்.

சரி, வீக்கு வருவோம். 2006 நவம்பர் 19-ல் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வெளிவந்தது. கூடவே வீ ஸ்போர்ட்ஸ் இலவசம். முதல் சில வாரங்கள் திருவிழாதான். ரிமோட்டோடு வந்த மணிக்கட்டுக் கயிறு அறுந்து, ரிமோட் பறந்து போய் டிவியை உடைத்த படங்கள் இணையம் முழுக்கச் சுற்றின. டிசம்பரில் நின்டெண்டோ சுமார் 32 லட்சம் கயிறுகளைத் தடிமனானதாக மாற்றித் தர முன்வந்தது.

ஆனால் அதே வாரங்களில் கேமர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள். டென்னிஸ் ஆட எழுந்து நின்று கையை வீச வேண்டிய அவசியமே இல்லை. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சரியான நேரத்தில் ஒரு சுண்டு சுண்டினால் போதும், பந்து பறக்கிறது. ஓடுகிற வேலையை கேமே பார்த்துக்கொள்கிறது.

இதற்குக் காரணம் ரிமோட்டின் உள்ளே இருந்தது. அதில் இருந்த முக்கிய உணரி ஒரு ஆக்சிலரோமீட்டர், அதாவது முடுக்கமானி. கையை அசைக்காமல் வைத்திருந்தால் புவியீர்ப்பை வைத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். வேகமாக வீசினால் "ஏதோ ஒரு பெரிய குலுக்கல்" என்பதுதான் அதற்குத் தெரியும். சாய்வு எவ்வளவு, வீச்சு எவ்வளவு, கை எந்தப் பாதையில் போனது என்று நம்பகமாகப் பிரிக்கத் தெரியாது. நுனியில் ஒரு அகச்சிவப்புக் கேமராவும் உண்டு. டிவி மேல் வைக்கும் 'சென்சார் பார்' உண்மையில் எதையும் உணர்வதில்லை. அது வெறும் விளக்கு. அந்த விளக்கைக் கேமரா பார்ப்பதால், திரையில் எங்கே குறி வைக்கிறோம் என்று ரிமோட் துல்லியமாகச் சொல்லிவிடும். (இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். பலர் செய்தும் பார்த்தார்கள்!)

ஆக, குறி வைப்பதில் கெட்டி, வீசுவதில் மந்தம். விளம்பரம் விற்றதோ வீச்சை.

இந்த ஏமாற்றம் முதலில் உறைத்தது ஜெல்டாவில்தான். 'ட்வைலைட் பிரின்சஸ்' பழைய கேம்கியூப் மெஷினுக்காகப் பல வருடம் உருவாக்கப்பட்ட கேம். கடைசிக் கட்டத்தில் அதை வீக்கும் கொண்டு வந்தார்கள். அங்கே ஒரு சிக்கல். ஜெல்டாவின் நாயகன் லிங்க் இடக்கைக்காரன். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வலது கையில் ரிமோட்டைப் பிடிப்பார்கள். திரையில் இடது கை வாள் வீசினால் ஒட்டாது. லிங்கை மட்டும் வலக்கைக்காரனாக மாற்றுவதை விட்டுவிட்டு, மொத்த உலகத்தையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டார்கள்! கேம்கியூபில் மேற்கே இருக்கிற பாலைவனம் வீயில் கிழக்கே. ஒரே கேமை ஆடுகிற இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்ள முடியாத நிலை. அரிதாகக் கிடைத்த ஒரு இடக்கை நாயகனையும் பிடுங்கிவிட்டார்களே என்று இடக்கைப் பழக்கமுள்ள ரசிகர்களுக்குத் தனி வருத்தம்.

இவ்வளவு செய்த பிறகு வாள் எப்படி இருந்தது? ரிமோட்டை எப்படி ஆட்டினாலும் லிங்க் வழக்கமான வெட்டையே வெட்டினான். பழைய பட்டன் வேலையைத்தான் குலுக்கல் செய்துகொண்டிருந்தது. கேமர்கள் இதற்கு 'வேகல்' என்று பெயர் வைத்தார்கள். சும்மா ஆட்டுவது என்று அர்த்தம். யூபிசாஃப்டின் 'ரெட் ஸ்டீல்' இன்னும் மோசம். கை போகிற வழியே கத்தியும் போகும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது முன்பே தயாரித்து வைத்த சில வெட்டுக்கள். ஆக்டிவேட்டரின் உதை மறுபடி வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஹார்ட்கோர் கேமர்களுக்குச் சோம்பேறித்தனம், எழுந்து நிற்கப் பிடிக்கவில்லை, புதியவர்கள் வருவது பொறுக்கவில்லை" என்றுதான் அன்று பலர் எழுதினார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் இதே ஆட்கள் 2007-ல் 'ரெசிடென்ட் ஈவில் 4' வீயில் வந்தபோது கொண்டாடினார்கள். ஏன்? அதில் துப்பாக்கிக்குக் குறி வைக்க ரிமோட்டை நீட்டினால் போதும், ஸ்டிக்கை விட வேகம், துல்லியம். அசைவை அவர்கள் வெறுக்கவில்லை. கை நூறு விதமாக அசைந்தாலும் மெஷின் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறது என்பதைத்தான் வெறுத்தார்கள். நன்றாக வீசினாலும் மோசமாக வீசினாலும் ஒரே பலன் என்றால், அங்கே திறமைக்கு என்ன இடம்?

2008 ஈ3-ல் நின்டெண்டோ தன் மேடையில் 'வீ மியூசிக்'கை முன்னிறுத்தியபோது இந்தக் கோபம் உச்சத்துக்குப் போனது. ரிமோட்டை ஆட்டினால் வாத்தியம் வாசிக்கும். அபசுரம் வரவே வராது! புதிதாக வந்தவருக்கு அது சந்தோஷம். இருபது வருடம் ஆடியவருக்கு அவமானம்.

2009-ல் கைரோஸ்கோப் வைத்த மோஷன்பிளஸ் துணைக்கருவி வந்தது. கை திரும்புவதை அது நேரடியாக அளந்தது. அதை நம்பி 2011-ல் வந்த 'ஸ்கைவார்ட் ஸ்வோர்ட்' ஜெல்டாவில் எதிரி எந்தப் பக்கம் தடுக்கிறானோ அதைத் தவிர்த்து வெட்ட வேண்டும். கடைசியில் வெட்டுக்கு ஒரு அர்த்தம் கிடைத்தது. ஆனால் அடிக்கடி ரிமோட்டை நேர்ப்படுத்த வேண்டியிருந்ததில் பலர் பொறுமை இழந்தார்கள். 2021-ல் ஸ்விட்ச்சில் மறுபடி வெளியிட்டபோது ஸ்டிக்கால் வெட்டும் வழியையும் சேர்த்தார்கள். கையைச் சரளமாக அசைக்க முடியாதவர்கள் அந்த கேமை முதல் முறையாக ஆட முடிந்ததும் அப்போதுதான். அவர்களை 2006-ன் உற்சாகத்தில் யாரும் பெரிதாக நினைத்துப் பார்க்கவில்லை.

மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. 2010 நவம்பரில் வந்து 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸில் இடம் பிடித்தது. கன்ட்ரோலரே கிடையாது, உடம்புதான் கன்ட்ரோலர். ஆனால் ஒருவர் ஆடவே ஆறடி இடம் வேண்டும், அசைவுக்கும் திரைக்கும் நடுவே ஒரு தாமதமும் இருந்தது. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கட்டாயமாக இணைத்து 499 டாலருக்கு விற்றார்கள். போட்டியாளரான பிஎஸ்4 விலை 399. வேண்டாத கேமராவுக்கு நூறு டாலர் தண்டமா, வீட்டு ஹாலில் எப்போதும் ஒரு கண்ணும் காதுமா என்ற எதிர்ப்பில், 2014-ல் கினெக்ட் இல்லாத பெட்டியை விற்க ஆரம்பித்தார்கள். 2017-ல் தயாரிப்பே நின்றது.

அதோடு அசைவு செத்ததா என்றால், அதுதான் இல்லை. 2015-ல் நின்டெண்டோவின் 'ஸ்ப்ளட்டூன்' வந்தது. ஸ்டிக்கால் சுமாராகத் திருப்பிவிட்டு, கன்ட்ரோலரைச் சற்றே சாய்த்துக் குறியை நுணுக்கமாக வைப்பது அதன் முறை. தீவிரமாக ஆடுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2022-ல் 'ஃபோர்ட்நைட்' கூட கைரோ குறி வைப்பதை விரிவாகச் சேர்த்தது. விஆரில் 2018-ல் வந்த 'பீட் சேபர்' முழுக்க முழுக்கக் கை வீசும் கேம். வெட்டின் கோணத்துக்கும் நேர்த்திக்கும் அதில் மார்க் உண்டு. அதை யாரும் வேகல் என்று திட்டவில்லை.

வீயோ 10 கோடிக்கும் மேல் விற்றிருந்தது. அதை வாங்கிய பெரும்பாலோர் இந்தச் சண்டை எதையும் கேள்விப்பட்டதே இல்லை. 2009-ல் யூபிசாஃப்ட் 'ஜஸ்ட் டான்ஸ்' என்று ஒன்றை வீயில் வெளியிட்டது. முழு உடம்பும் ஆடச் சொல்லும். ஆனால் மெஷினுக்குத் தெரிவது ரிமோட் பிடித்த ஒரு கை மட்டும். உட்கார்ந்தபடியே கையை ஆட்டி மார்க் வாங்கலாம் என்று சுட்டிக்காட்டி விமர்சகர்கள் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். வாங்கியவர்களுக்கும் அது சீக்கிரமே தெரிந்திருக்கும். ஆனாலும் எழுந்து நின்று ஆடினார்கள். வருடா வருடம் புதுப் பதிப்பு வந்துகொண்டே இருந்தது. வீக்குப் பிறகு வந்த வீ யூவும் வந்து, நின்றும் போன பிறகு, 2019 நவம்பரில் 'ஜஸ்ட் டான்ஸ் 2020' அதே பழைய வீக்கும் வெளியானது. அந்த மெஷினுக்கு வந்த கடைசி கேம்களில் அதுவும் ஒன்று.