லோடு ஸ்டெப்பும் சப்ஸ்டெப்பும்

நேரிலாப் பகுப்பாய்வில் சுமையை ஒரே மூச்சில் ஏற்றுவதில்லை. இரு விதமாகப் பிரிக்கிறோம். லோடு ஸ்டெப்பை வகுப்பவர் பொறியாளர். அதற்குள் சப்ஸ்டெப்பை வெட்டுவது, கணக்கைத் தீர்க்கும் மென்பொருளான சால்வர். முன்னதற்குக் காரணம், களத்தில் எது முதலில் நடந்தது என்பது. பின்னதற்குக் காரணம், கணக்கு குவிய வேண்டுமே என்பது.

ஒரு போல்ட் இணைப்பைப் பார்ப்போம். 8.8 தர எம்20 போல்ட்டுக்கு ஐரோப்பிய விதிப்படி முதல் ஸ்டெப்பில் 137 கிலோநியூட்டன் முன்னிழுவிசை. அடுத்ததில் போல்ட்டின் அப்போதைய நீளத்தைப் பூட்டிவிட்டு வெளிச்சுமை. இரண்டுக்கும் இடையிலான இந்த எல்லையை எந்த சால்வரும் தானாகக் கண்டுபிடிக்காது. சப்ஸ்டெப்பிலோ பெரும்பாலும் நம் தலையீடே தேவையில்லை. அபாகஸ் என்ற சால்வரின் இயல்பமைப்பில், 16 சுற்றுக்குள் குவியாவிட்டால் சப்ஸ்டெப்பின் அளவு கால் பங்காகச் சுருங்கும். அடுத்தடுத்து இரண்டு சப்ஸ்டெப் எளிதில் குவிந்தால் ஒன்றரை மடங்காகும்.

ஒன்று வரலாறு, மற்றது வசதி என்று இத்துடன் முடித்துக்கொள்ளலாம்தான். உராய்வு விடாது.

'ஃபைனைட் எலிமென்ட்' என்ற பெயர் 1960-இல் வழக்குக்கு வருமுன்பே, 1953-இல் மைண்ட்லினும் டெரஸிவிச்சும் வரிசையின் வலிமையைக் காட்டிவிட்டார்கள். ஒரே பொருளாலான இரு கோளங்களை முதலில் அழுத்திவிட்டுப் பிறகு பக்கவாட்டில் தள்ளினால், தள்ளுவிசை எத்தனை சிறிதானாலும் தொடுபரப்பின் விளிம்பில் ஒரு வளையம் வழுக்கும். அதே இரு விசைகளையும் மாறா விகிதத்தில் சேர்த்தே ஏற்றினால், அந்த விகிதம் உராய்வுக் கெழுவுக்குள் இருக்கும்வரை எங்குமே வழுக்காது. இறுதிச் சுமை ஒன்று, விடை இரண்டு. இரண்டு லோடு ஸ்டெப்பை ஒன்றாகச் சுருக்குபவர், தம்மை அறியாமலே இந்த இரண்டாவது கணக்கைப் போடுகிறார்.

வியப்பு என்னவென்றால், சப்ஸ்டெப்பும் இதே சுருக்கத்தைச் சிறிய அளவில் செய்கிறது. உலோகத்தின் பிளாஸ்டிக் கணக்கில், ஒரு சப்ஸ்டெப்புக்குள் திரிபு நேர்கோட்டில் சென்றதாகவே கொள்ளப்படுகிறது. இடையில் ஒரு புள்ளி யீல்டு ஆகி, தளர்ந்து, திரும்ப யீல்டு ஆகியிருந்தால் அந்தக் கதை கணக்கில் ஏறாது. கணக்கு அழகாகக் குவியும், விடை பிசகியிருக்கும். உராய்வும் நெளிவும் இல்லாத மீள்தன்மை ரப்பரில் இந்தச் சிக்கல் இல்லை: பத்தாக வெட்டினாலும் நூறாக வெட்டினாலும் ஒரே விடைதான்.

ஆக, பாதையை நினைவில் வைக்கும் பொருளுக்கு இரண்டு பிரிவுகளும் வரலாறே. குவிந்ததோடு நின்றுவிடாதீர்கள், சப்ஸ்டெப்பின் உச்ச அளவைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். விடை கணிசமாக நகர்ந்தால் முதல் ஓட்டத்தை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.