ஜிஆர் 65 நடைபாதை

ஜிஆர் 65 என்பது பிரான்ஸ் நாட்டிலுள்ள நெடுந்தொலைவு நடைபாதைகளுள் ஒன்றாகும். நடுப் பிரான்சின் எரிமலைப் பகுதியில் அமைந்த லெ புய்-ஆன்-வெலே நகரிலிருந்து இப்பாதை, ஓப்ராக் மேட்டுநிலம், லொட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, காவோர், முவாசாக் ஆகியவற்றினூடாகச் சென்று பிரெனே மலையடிவாரத்திலுள்ள சேன்-ஜான்-பியே-தெ-போர் என்னும் ஊரை அடைகிறது. அதுவரையான நீளம் சுமார் 750 கிலோமீட்டர் ஆகும். அங்கிருந்து மலையைக் கடந்து ஸ்பெயின் நாட்டின் ரோன்செஸ்வாயெஸ் வரை இது தொடர்கிறது. "ஜிஆர்" என்பது "பெருநடை" எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கமாகும்.

வரலாறு

ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகருக்குச் செல்லும் கிறித்தவத் திருப்பயணிகளின் வழி என்றே இப்பாதை பரவலாக அறியப்படுகிறது. லெ புய் ஆயரான கோதெஸ்கால்க் 950-951இல் இத்திருப்பயணத்தை மேற்கொண்டார். 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட திருப்பயணிகளுக்கான இலத்தீன் வழிகாட்டி ஒன்று, பிரான்சிலிருந்து புறப்படும் நான்கு வழிகளைக் குறிப்பிடுகிறது. லெ புய், கோங்க், முவாசாக் ஆகியவற்றின் வழியாகச் செல்வது அவற்றுள் ஒன்று.

எனினும் இன்றுள்ள தடம் அப்படியே இடைக்காலத் தடம் எனக் கொள்வது பொருந்தாது. அக்காலப் பயணிகள் ஒரே பாதையில் சென்றவர்கள் அல்லர். பாலம், விடுதி, திருத்தலம் ஆகியவை இருந்த இடங்களை நோக்கிப் பல வழிகளில் நடந்தனர். பழைய பெருவழிகள் பலவற்றின் மேல் பின்னாளில் தார்ச்சாலைகள் அமைந்துவிட்டன. ஜிஆர் 65 வகுக்கப்பட்டது 1970களிலேயே ஆகும். அதனை வகுத்தோர் ஊர்தி ஓடும் சாலைகளை இயன்றவரை தவிர்த்து, வயலோர வண்டித்தடங்களையும் காட்டுவழிகளையும் ஒன்றோடொன்று இணைத்தனர்.

இத்தகைய பாதைகளுக்கான தேசியக் குழு 1947இல் அமைக்கப்பட்டது. இதில் ஜான் லுவாசோ என்பவரின் பங்கு முதன்மையானது. அதே ஆண்டில் லுவார் ஆற்றை ஒட்டி ஒர்லேயானுக்கும் போஜான்சிக்கும் இடையே முதற்பகுதி திறக்கப்பட்டது. இக்குழுவே 1978இல் பிரெஞ்சு நடைபயணக் கூட்டமைப்பாக மாற்றம் பெற்றது.

பாதை அமைவு

தொடக்கத்தில் பாதை உயர்நிலங்கள் வழியாகச் செல்கிறது. ஓப்ராக் மேட்டுநிலத்தில் அது 1,300 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. மரங்கள் அரிதாக உள்ள இப்புல்வெளியில் மூடுபனியும் பனிப்புயலும் பயணிகளுக்கு ஆபத்தாக இருந்தன. அவர்களைக் காப்பதற்காக 1120ஆம் ஆண்டளவில் இங்கு மருத்துவமனையுடன் கூடிய துறவியர் இல்லம் நிறுவப்பட்டது. வழிதவறியோர் ஒலியைக் கேட்டு வந்து சேருமாறு அங்கு மணி அடிக்கப்பட்டது.

ஓப்ராக்கிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் இறங்கினால் லொட் பள்ளத்தாக்கு வருகிறது. இந்த ஆற்றின் பெயர் ஒக்சித மொழியில் "ஓல்த்" என்பதாகும். முறுக்கிய கோபுரம் கொண்ட தேவாலயம் உள்ள சேன்-கோம்-தோல்த் என்னும் ஊரின் பெயரில் அது இன்றும் நிலைத்துள்ளது. அடுத்துவரும் எஸ்பாலியோன் அதன் பழைய கற்பாலத்தாலும், எஸ்தான் ஆற்றின் மேல் உயர்ந்து நிற்கும் கோட்டையாலும் அறியப்படுகின்றன. எஸ்தானைச் சுற்றியுள்ள செங்குத்தான சரிவுகளில் மிகச் சிறிய பரப்பில் திராட்சை பயிரிடப்படுகிறது. அவ்வைனுக்கு 2011இல் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு வழங்கப்பட்டது.

கோங்க் கிராமம் லெ புய்யிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. இங்குள்ள புனித ஃபுவா தேவாலயம் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்டது. அதன் வாயிலுக்கு மேல் இறுதித் தீர்ப்புக் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கோங்கின் புகழுக்குக் காரணமான புனித எச்சங்கள் 9ஆம் நூற்றாண்டில் அஜான் நகரிலிருந்து இவ்வூர்த் துறவி ஒருவரால் களவாகக் கொண்டுவரப்பட்டவை என மரபு கூறுகிறது. துறவியர் இதனை மறைக்கவில்லை; புனிதரின் விருப்பமே அது என எழுதி வைத்தனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயத்தின் பொற்பொருட்களை ஊர்மக்கள் ஒளித்துவைத்துக் காத்தனர். ஓவியர் பியேர் சூலாஜ் வடிவமைத்த 104 கண்ணாடிச் சாளரங்கள் 1994இல் இங்கு பொருத்தப்பட்டன.

கோங்கிற்குப் பின் பாதை லொட் ஆற்றை மீண்டும் கடந்து ஃபிஜாக் நகரை அடைகிறது. பின்னர் "கோஸ்" எனப்படும் வறண்ட சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தின் மேல் செல்கிறது. இருபுறமும் சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்கள், ஓக் மரங்கள், இடையிடையே பெருங்கற்காலக் கல்திட்டைகள் ஆகியவை இங்கு காணப்படுகின்றன. காவோரில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாலாந்த்ரே பாலத்தின் வழியாகப் பாதை ஆற்றைக் கடக்கிறது. முவாசாக்கில் 1100இல் முடிக்கப்பட்ட துறவியர் மடத்தின் தூண் முற்றம் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டிப் பாதைக்காக மடத்தின் உணவுக்கூடம் இடிக்கப்பட்டது. முற்றம் மட்டும் தப்பியது. இதன் பின் லெக்தூர், கோந்தோம் வழியாக, அர்மாஞாக் மது வடிக்கப்படும் திராட்சை நிலங்களைப் பாதை கடக்கிறது.

காவோர் திராட்சைத் தோட்டங்கள்

காவோரின் அடர்நிற வைன் "கருப்பு வைன்" எனப் பெயர் பெற்றது. இதில் குறைந்தது 70 விழுக்காடு மால்பெக் வகைத் திராட்சை இருத்தல் வேண்டும். முன்பு இது லொட் ஆற்றில் தட்டையான படகுகள் மூலம் போர்தோவுக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபில்லொக்சேரா பூச்சி இத்தோட்டங்களை அழித்தது. மீண்டும் நடப்பட்டவற்றை 1956 பெப்ரவரியில் ஏற்பட்ட கடும் உறைபனி அழித்தது. எஞ்சியோர் மறுபடி நட்டு, 1971இல் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றனர்.

திராட்சைத் தோட்டங்களுக்கிடையே நடக்க விரும்புவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஜிஆர் 65 காவோரிலிருந்து தென்மேற்கே விலகிச் செல்வதால் இத்தோட்டங்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதற்கு ஜிஆர் 36 வழியாக ஆற்றின் வளைவுகளைத் தொடர்ந்து லுசேக் நோக்கிச் செல்ல வேண்டும். அதே ஜிஆர் 36 காவோருக்குக் கிழக்கே சேன்-சிர்-லாபொபி என்னும் குன்றுக் கிராமத்துக்கு இட்டுச் செல்கிறது. அதனருகே, படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் பாறைச் சுவரைக் குடைந்து அமைத்த வழி உள்ளது.

குறியீடுகளும் சட்ட நிலையும்

பாதையில் மரங்கள், பாறைகள், சுவர்கள் ஆகியவற்றின் மேல் வெள்ளைக் கோடும் அதன்கீழ் சிவப்புக் கோடும் தீட்டப்பட்டுள்ளன. இவ்விரு நிறங்களும் குறுக்காக வெட்டிக்கொண்டால் அது தவறான வழி என்பது பொருள். இக்குறிகளைத் தீட்டுவோரும் புதுப்பிப்போரும் தன்னார்வலர்களே.

பாதைக்கு எண்ணும் குறியும் இருப்பதால் மட்டும் அதில் நடக்கும் உரிமை உண்டாவதில்லை. தனியார் நிலத்தின் வழியாகச் செல்லுமிடங்களில் உரிமையாளரின் இசைவு தேவை. ஏனைய பகுதிகளிற் பல, ஊராட்சிகளுக்குச் சொந்தமான "நாட்டுப்புறப் பாதைகள்" ஆகும். இவை பொதுச்சாலைகளைப் போல் முழுப் பாதுகாப்புப் பெற்றவை அல்ல. பொதுப் பயன்பாடு அற்றுப்போனால் ஊராட்சி இவற்றை விற்கலாம். அருகிலுள்ள நிலவுடைமையாளர் 30 ஆண்டுகள் தமதாக அனுபவித்து உரிமை கோரவும் இடமுண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிறு வயல்கள் ஒன்றிணைக்கப்பட்டபோது வயலோர வழிகள் பல உழுது அழிக்கப்பட்டன.

இதற்கு மாற்றாக, நடைபாதைத் திட்டம் வகுக்கும் பொறுப்பு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்டங்களுக்கு அளிக்கப்பட்டது. இத்திட்டத்தில் சேர்க்கப்பட்ட நாட்டுப்புறப் பாதையை விற்கும் ஊராட்சி, தொடர்ச்சி அறாதவாறு ஈடான வேறு வழியைத் தருதல் வேண்டும். பொதுமக்கள் ஒரு பாதையைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவது, அது பொதுப் பயன்பாட்டிலுள்ளது எனச் சட்டம் ஊகிப்பதற்கு ஆதாரமாகிறது. ஆகவே இப்பாதைகளில் நடப்பவர்கள், அறிந்தோ அறியாமலோ, அவற்றின் சட்டநிலைக்குச் சான்றாக அமைகின்றனர். மறுபுறம், எல்லை தெளிவாகக் குறிக்கப்பட்ட தனியார் நாட்டுப்புற நிலங்களிலும் காடுகளிலும் நுழைவோருக்கு அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது.

பிரான்சிலுள்ள சாந்தியாகோ வழிகள் 1998இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 71 கட்டடங்களும் சின்னங்களும், ஏழு பாதைப் பகுதிகளும் இதில் அடங்கும். அந்த ஏழு பகுதிகளும் லெ புய் வழியைச் சேர்ந்தவையே ஆகும்.