தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன்கள்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி போய் அங்கிருந்து மலையேறுகிறவர்கள் வழியில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்ற சின்னஞ்சிறு ஊரைக் கடப்பார்கள். அதற்கும் மேலே, தமிழக–கேரள எல்லையில் மலை விளிம்பில் இருப்பது டாப் ஸ்டேஷன். கீழே அடிவாரத்தில் உள்ள கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். மூன்றில் ரயிலைப் பார்த்தது டாப் ஸ்டேஷன் மட்டுமே. மற்ற இரண்டும் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கி இறங்கிய ரோப்வேயின் நிலையங்கள். ரயிலும் ரோப்வேயும் போய்விட்டன, பெயர்கள் நிற்கின்றன.

இந்த மலையில் தேயிலைக்கு முன்பே பல கனவுகள் நடப்பட்டன. திருவிதாங்கூரின் ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். இரண்டு ஆண்டுகளில் ஒரு தோட்டச் சங்கம் உருவானது. காப்பி, சின்கோனா, சிசால் நார், ஏலம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். அந்நாளில் காப்பிக்கு இலைத்துரு நோய் எமன். 1869இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கிருந்த காப்பித் தொழிலையே சாய்த்தது அதுதான். கொய்னா மருந்துக்காகப் பட்டை உரிக்கும் சின்கோனாவின் விலையை ஜாவா தீவின் பட்டை வந்து உடைத்தது. 1880இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் சிறிய அளவில் வைத்த தேயிலைதான் நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானபோது, எதைப் பிடித்துக்கொள்வது, எதைப் பிடுங்கிப் போடுவது என்பது ஏறக்குறைய தெளிவாகிவிட்டது.

அடுத்த கேள்வி, விளைந்த தேயிலையை எப்படிக் கீழே இறக்குவது என்பது. மூணாறிலிருந்து கிழக்கே டாப் ஸ்டேஷன் வரை ஒரு பாதை, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடி, பிறகு மாட்டு வண்டியில் போடி, அதையும் தாண்டி அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், தூத்துக்குடித் துறைமுகம், கப்பல். மலையின் அரிசியும் பருப்பும் இதே வழியில்தான் மேலே ஏறின. மூணாறின் வாசல் அன்று போடியாக இருந்தது.

1902இல் மேல்பாதையில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரம் பெரும்பகுதி அந்த ஒரே தண்டவாளத்தின் மேல் உட்காரும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் பிடிக்கும். இழுத்தவை காளைகள். ஆறே ஆண்டுகளில், 1908இல், கம்பெனி அதைக் கழற்றிவிட்டு இரண்டடி அகல ரயில்பாதை அமைத்து நீராவி எஞ்சின் ஓட்டியது. கழற்றிய அந்த யூயிங் முறையை 1907இல்தான் பாட்டியாலா சமஸ்தானம் புதிதாகத் தொடங்கியிருந்தது. 1927 வரை ஓட்டியது. பாட்டியாலா தொடங்கிய மறு ஆண்டே மூணாறு கைவிட்டது. தானே போட்ட பாதை போதவில்லை என்று ஆறாம் ஆண்டில் ஒப்புக்கொள்வது எளிதல்ல. புதுமை என்று கொண்டாடிய ஒன்றை அத்தனை சீக்கிரம் ஒதுக்கியதுதான் இந்தக் கதையில் மிகவும் வியக்க வைக்கும் இடம்.

பிறகு 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்று சொல்கிறார்கள். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய குண்டளை ரயில்பாதை அழிந்தது. ஆலுவாயிலிருந்து மூணாறுக்கு ஏறிய பழைய சாலையும் போயிற்று.

பதினாறு ஆண்டு ஓடிய ரயில். தோட்டங்கள் இருந்தன, கம்பெனியும் இருந்தது, தேயிலைக்கு விலையும் இருந்தது. திரும்பப் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்ட முதலை எண்ணிக்கொண்டு அதே சரிவில் மறுபடியும் மண்ணோடு மல்லுக்கு நிற்காமல், ரோப்வேயையும் சாலையையும் நம்பினார்கள். கம்பெனிக்கு வேண்டியது ரயில் அல்ல, பெட்டி கீழே போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. மேற்கே நேரியமங்கலத்தில் 1935இல் பெரியாற்றுப் பாலம் திறந்தபின் லாரிகள் கொச்சிப் பக்கம் இறங்கத் தோதாயிற்று.

இந்த முடிவின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனிக்குச் சரியாக இருந்த கணக்கு, கிழக்குச் சரிவுக்கு இழப்பு. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மலைமேல் ஓடிய ரயில் செத்து நான்கு ஆண்டு கழித்து, கீழிருந்து வந்த ரயில் அடிவாரத்தைத் தொட்டது! இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் போடியின் வரலாறே வேறாகியிருக்கும்.

தேயிலை போனாலும் ஏலக்காய் இருந்தது. ஏலக்காய்தான் போடியைப் போடியாக வைத்திருக்கிறது. இங்கே கைவிடுவது வேறு வகை. ஏலச்செடி காய்க்க மூன்று ஆண்டு பிடிக்கும். ஒரு பருவம் பொய்த்ததென்று பிடுங்கிப் போட முடியாது. குவாத்தமாலா போட்டிக்கு வந்து 1980களில் இந்தியாவை முந்தியபோது, இந்த மலைக்காரர்கள் பயிரை விடவில்லை, ரகத்தை விட்டார்கள். வண்டன்மேட்டு விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தெரிந்தெடுத்த ஞள்ளானி ரகம் பழைய செடிகளின் இடத்தைப் பிடித்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலச்சந்தையில் ஏலக்காய் விலை கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. இரண்டே ஆண்டில் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. உச்சவிலையை நம்பிக் கடன் வாங்கித் தோட்டம் பிடித்தவர்களுக்கு, எப்போது நிறுத்துவது என்பது குடும்பத்தின் சோற்றுக் கேள்வி. கம்பெனிக்கு மாற்றுவழி தேட முதலும் காலமும் இருந்தன. இவர்களுக்கு அடுத்த காய்ப்பறிப்பு மட்டுமே.

போடி ரயிலும் ஒருமுறை கைவிடப்பட்டதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்; 1950களில் திரும்ப வந்தது. அகலப்பாதைக்காக 2010 முடிவில் மீண்டும் நின்றபோது, வராது என்றே பலர் நினைத்தார்கள். 2023 ஜூனில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து வரும் வண்டி காலையில் போடியில் நிற்கிறது. அதற்கப்பால் பாதை இல்லை, மலைதான். மலைக்கு மேலே, மூணாறின் பழைய ரயில் நிலையத்தில், தேயிலைக் கம்பெனியின் அலுவலகம் நடக்கிறது.