வேகத்தைக் கண்டுகொள்ளும் பல்சக்கரம்

மலர்க் குழு நண்பர்கள் "உங்க தொழிலைப் பத்தி ஏதாவது எழுதுங்க" என்று கேட்டார்கள். சுண்ணாம்புக்கல் குவாரி டம்பர்களோடு என் காலம் போயிற்று. டம்பரின் ஆட்டோமேட்டிக் கியர் தன் வேகத்தை எப்படித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தது என்ற வரலாற்றையே சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்க்காதவர் நம்மில் யார்? இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வருவதற்கு முன், அத்தனை பெரிய தேருக்குச் சறுக்குக்கட்டைக்காரரின் கண்தான் வேகமானி. அரை நொடி தப்பினால் காலே போய்விடும். ராஜபாளையம் பஸ் டிரைவருக்கோ காது. ஏற்றத்தில் எஞ்சின் முனகினால் கியரைக் குறைப்பார்.

இந்தக் கண்ணையும் காதையும் மனிதன் இயந்திரத்துக்குக் கொடுத்தான். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் இரண்டு குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் கூடினால் அவை விரிந்து நீராவியைக் குறைக்கும். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ராமேட்டிக் கியரிலும் இதே தத்துவம்தான். சுழலும் எடைகள் வேகத்துக்கேற்ப எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். வால்வு நகர்ந்து அடுத்த கியர் விழும்.

1980-களில் கனரக வண்டிகளுக்கு மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. சென்சார் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும், அவ்வளவுதான். எதிரே பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பு. 60 பல் சக்கரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் நொடிக்கு 1000 துடிப்பு. கியர் பெட்டிக்குள் வரும் வேகத்தையும் வெளியே போகும் வேகத்தையும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒப்பிடும். விகிதம் கியருக்குப் பொருந்தாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். பாரத்தோடு இறங்கும்போது டிரைவர் அவசரப்பட்டுக் கீழ் கியர் கேட்டாலும், எஞ்சின் மிதமிஞ்சிச் சுழலும் என்றால் கொடுக்காது.

ஒருமுறை ஒரு டம்பர் கியர் மாற்றி மாற்றித் தடுமாறியது. பெட்டியையே பிரிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணாச்சி ஒரு சென்சாரைக் கழற்றினார். காந்த முனையில் இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்து மாட்டினார், வண்டி ஒழுங்காக ஓடியது. எல்லோரும் கலைந்தோம். அவர் மட்டும் நகரவில்லை. "தூளைத் தொடைச்சாச்சு தம்பி, அது எங்கேருந்து வந்துச்சு?" என்றார். எண்ணெயை இறக்கிப் பார்த்தால், உள்ளே ஒரு பேரிங் தேய்ந்துகொண்டிருந்தது. பாரத்தோடு சரிவில் இறங்கும்போது அது உடைந்திருந்தால் டிரைவர் கதி என்ன?

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: வேகத்தைச் சென்சார் சொல்லிவிடும். அண்ணாச்சி கேட்ட கேள்வியை நீங்கள் கேளுங்கள்.