ஏற்காடு காபித் தோட்டங்களும் தொழிலாளர் மருத்துவச் சட்டமும்

ஏற்காடு என்றதும் ஏரியும் லேடீஸ் சீட்டும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் சேர்வராயன் மலையின் பிழைப்பில் பெரும்பங்கு காபிதான். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பது ஊரறிந்த கதை. அந்தக் காபியைப் பறித்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் செலவு செய்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு நன்றாகத் தெரிந்த சட்டம் 1859ஆம் வருட ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரை ஜெயிலுக்கு அனுப்ப அது வழி செய்தது. படுத்த படுக்கையானால் வைத்தியம் உண்டா? அதைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை! 1925ல்தான் அதை நீக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகும் மருந்து கொடுப்பது துரையின் இஷ்டமாகவே இருந்தது.

1946ல் டி.வி.ரேகே தோட்டத் தொழிலாளர் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951ல் நிறைவேறி, 1954 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்தது. இதன் 10வது பிரிவுதான் முக்கியம். ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிலாளிக்கு எளிதில் கிடைக்கும்படி மருத்துவ வசதி இருக்க வேண்டும். முதலாளி செய்யாவிட்டால் தலைமை ஆய்வாளரே ஏற்பாடு செய்து, செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம். காகிதத்தில் பார்த்தால் பலமான சட்டம்தான்.

சிக்கல் எங்கே என்றால், அது நிலத்தை அளந்தது. 25 ஏக்கரும் 30 தொழிலாளர்களும் இருந்தால்தான் அது 'தோட்டம்'. 24 ஏக்கர் காபிக்காரரிடம் வேலை செய்பவருக்கும் அதே மழை, அதே அட்டைக்கடி, அதே காய்ச்சல். ஆனால் சட்டம் இல்லை. 1981ல் திருத்தம் செய்து 5 ஹெக்டேர், 15 பேர் என்று இறக்கினார்கள். வேலி கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான். சிறு தோட்டங்களில் கூலிக்குப் போகும் மலையாளி பழங்குடி மக்களில் பலர் அதற்கு வெளியேதான் நின்றார்கள்.

'குடும்பம்' என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை. ஆண் தொழிலாளியை நம்பியிருக்கும் பெற்றோர் அவர் குடும்பத்தில் சேர்த்தி. பெண் தொழிலாளியின் பெற்றோர் சேர்த்தி இல்லை! காபிப் பழம் பறிப்பதில் பெண்களின் கைதான் அதிகம் என்பதை நினைத்தால் இதை வேடிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. 2010ல் வந்த திருத்தம்தான் இதைச் சரி செய்தது.

மலைக்குக் கீழே ஆலைத் தொழிலாளியின் கதை வேறு. 1948ஆம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டம் 1952ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955ல் கோயம்புத்தூருக்கு வந்தது. இது நிலத்தை அளக்கவில்லை, தலையை எண்ணியது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே நிதியில் பணம் போடுவார்கள். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு கூலியில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். ஒரு மில் மூடினாலும் நிதி மூடுவதில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியோ ஒரே முதலாளியின் கணக்கில் ஒரு செலவு. காபி விலை விழுந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தச் செலவுதான்.

இந்த இரண்டு பாதைகளும் இப்போது ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. 2020ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்து, பழைய தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. 5 ஹெக்டேர் என்ற அளவு அப்படியே இருக்கிறது. புதிதாக, தோட்ட முதலாளி விரும்பினால் ஈ.எஸ்.ஐ.க்கு மாறலாம். ஈ.எஸ்.ஐ.யின் பலன்கள் அவர் கொடுத்துவருவதைவிட மேலானதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விருப்பம் தெரிவிப்பவர் முதலாளி, தொழிலாளி அல்ல.

மேலானது எது என்று எப்படி அளப்பது? சேலம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வசதிகள் எந்த எஸ்டேட் டிஸ்பென்சரியிலும் கிடைக்காது, உண்மைதான். ஆனால் நடுராத்திரி பிரசவ வலி எடுத்தால் அங்கே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியாக வேண்டும்.