ஆக்ஸிடோசின், வாசோபிரஸின்: அமைப்பில் நெருக்கம், பயனில் வேறு

ஆக்ஸிடோசின், வாசோபிரஸின் ஆகியவை தலா ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன பெப்டைடு ஹார்மோன்கள். இவற்றில் இரண்டு அமிலங்கள் மட்டுமே வேறுபடுகின்றன.

கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுக்கிறது. வாசோபிரஸின் உடலில் நீரைத் தக்கவைத்து, ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தீவிர கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரியும்போது துணை மருந்தாகச் செலுத்தப்படுகிறது. இந்த நெருக்கத்தில் ஆபத்தும் உண்டு. ஆக்ஸிடோசின் அளவு மிகுந்தால் உடலில் நீர் தங்கி, சோடியம் குறைந்து, வலிப்பு ஏற்படலாம்.

கறவை மாடுகளுக்கு முறைகேடாகச் செலுத்தப்படுவதாகக் கூறி, உள்நாட்டுப் பயன்பாட்டுக்கான ஆக்ஸிடோசினைத் தனியார் தயாரிக்க 2018 ஏப்ரலில் மத்திய அரசு தடை விதித்தது. பெங்களூரில் உள்ள கர்நாடக ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்துக்கு மட்டுமே அனுமதி அளிக்கப்பட்டது. தாய்மார்களின் உயிர்காக்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு நேரும் என எதிர்ப்பு எழுந்த நிலையில், அந்த உத்தரவை தில்லி உயர்நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தது.